பெட்டியில் இருப்பது எந்த ஊர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டுட்கார்ட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மூலிகை டீ அடுக்கில் ஓர் அட்டைப்பெட்டி. சேர்மானத்தில் ‘டின்னெவெலி சென்னா காய்’ என்று போட்டிருந்தது. பாளையங்கோட்டைக்காரனுக்குப் புல்லரிக்காதா? இது நம்ம திருநெல்வேலிதானா? இங்கே வந்திருக்கும் மாமியார், “ஊர்ச் சரக்குதானே, தினமும் ஒரு கப் குடிக்கிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

செ.

அன்புள்ள செ.,

நம்ம திருநெல்வேலிதான். டீ என்று போட்டிருப்பதால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. சாத்தான்குளம் பக்கம் அவுரி என்று விதைக்கிறார்களே, அந்தச் செடி. சித்த மருந்துக் கடையில் கேட்டால் நிலவாகை. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய சரக்கு இது. 1986 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தானே. வெள்ளைக்காரன் வாயில் நெல்லை டின்னெவெலி ஆனது, மருந்து நூல்களில் அப்படியே தங்கிவிட்டது.

இதற்கு ஒரு பங்காளி உண்டு: அலெக்சாந்திரியா சென்னா. விளைவது சூடானில், பெயர் மட்டும் எகிப்துத் துறைமுகத்தினுடையது. உங்கள் பெட்டியில் காய் முழுசாக இருந்தால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நம்முடையது ஒடுக்கம், அகலம் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும், உள்ளே 8 விதைபோல இருக்கும். மற்றது அகலம் கூடியது, விதை 6 அல்லது 7. இலையாக வாங்கினால் நம்முடையதற்கு இன்னொரு தடயம்: பேலாக, அதாவது பெரிய பொதியாக, அழுத்திக் கட்டும்போது நசுங்கியதில் ஓர் இலையின் நரம்பு அடுத்த இலைமேல் கோடாகப் பதிந்திருக்கும்.

ஆனால் அந்தப் பெயரை முகவரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இன்று சரக்கின் ரகப் பெயர். அதே செடி ராஜஸ்தானிலும் குஜராத்திலும் விளைந்து அதே பெயரில் போகிறது. இங்கிலாந்துக் கடையில் ‘மெட்ராஸ்’ கறி என்றால் காரம் கூடுதல் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை, அதுபோலத்தான்.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். இது பேதி மருந்து. தினமும் கூடாது. இதிலுள்ள சென்னோசைடு என்ற மருந்துப் பொருள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்யாது. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் வேலை தொடங்கும். அதற்கு 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும், அதனால்தான் படுக்கப்போகும் முன் குடிக்கச் சொல்வது. பலர் சறுக்குவதும் இங்கேதான்: இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு கப் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒரு பையை வெந்நீரில் போட்டு மூடி வைத்து, 10 நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். அடுப்பில் கொதிக்கவிட வேண்டாம், வயிற்றுக் கடுப்பு கூடும். இலையைவிடக் காய் சாந்தமானது. சில பெட்டிகளில் கூடவே சோம்பு சேர்த்திருப்பதும் அந்தக் கடுப்புக்காகத்தான். சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போனால் பயப்பட வேண்டாம். தொடர்ந்து ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடலில் பொட்டாசியம் குறையும். இதய மருந்தோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஒரு கப்கூட வேண்டாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

இதையே ‘ஸ்லிம்மிங் டீ’ என்று விற்பவர்கள் உண்டு. சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்; இது வேலை செய்வது அதற்குப் பிறகு. தராசு காட்டும் குறைவு வெறும் தண்ணீர்.

ஊரில் யாரிடமாவது வாங்கிவரச் சொன்னால் ‘அவுரிப் பொடி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தலைக்குச் சாயம் போடும் நீலி இலைக்கும் அவுரி என்றுதான் பெயர், அந்தப் பொட்டலம் வந்து சேரும். நிலவாகை என்று கேட்கச் சொல்லுங்கள்.