புகையானுக்கு இரட்டிப்பு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா நெல், சி.ஆர். 1009 ரகம். நட்டு 60 நாள் ஆகிறது. 25-ம் நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்காகக் கடையில் கொடுத்த பைரித்ராய்டு மருந்தை அடித்தேன். அதே வாரம் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவும் போட்டேன். பயிர் கருகருவென்று வந்தது. இப்போது அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி மொய்க்கிறது, இரண்டு இடத்தில் வட்டமாகக் காய்ந்துவிட்டது. கடைக்காரர் வேறு வீரியமான மருந்தை இரண்டு மடங்காக அடிக்கச் சொல்கிறார். ஒரே அடியில் ஒழியுமா ஐயா?

பதில்: ஒழியாது. இன்றே தண்ணீரை வடியுங்கள். வட்டம் விழுந்துவிட்டதால் மருந்து தேவைதான்: பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி., ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். பயிரை விலக்கிவிட்டு அடித்தூர் நனையும்படி அடிக்க வேண்டும், தோகை நனைந்து பயனில்லை. அளவைக் கூட்டாதீர்கள். இனி யூரியா ஒரு கைப்பிடிகூட வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, 25-ம் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த பூச்சி இப்படி எப்படிப் பெருகியது என்பதை. ஒரு பெண் புகையான் 200 முட்டைக்கு மேல் இடும், ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தலைமுறை. அந்த 200-இல் 198 செத்தால்தான் தாய் தகப்பன் இடத்துக்கு இரண்டு மட்டும் வந்து, எண்ணிக்கை அப்படியே நிற்கும். 190 மட்டும் செத்தால்? இரண்டு பத்தாகிறது. மூன்றே தலைமுறையில் 125 மடங்கு. எட்டுப் பூச்சி கூடுதலாகப் பிழைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த எட்டைத் தின்று வந்தவை தண்ணீர்மேல் ஓடும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையைத் தேடி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும். 25-ம் நாள் அடித்த மருந்தில் முதலில் விழுந்தவை அவைதான். புகையான் முட்டையோ இலை உறைக்குள் செருகி இருக்கிறது, மருந்து அங்கே எட்டாது. ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுகள் பொரித்து வந்தபோது வயலில் அவற்றைத் தின்ன ஆளில்லை. யூரியா குடித்த இளஞ்சாறு வேறு கிடைத்தது, தழைச்சத்து ஏறிய பயிரில் புகையான் கூடுதலாக முட்டையிடும்.

பயிரின் இளமையில் இலைச்சுருட்டுக்கு பைரித்ராய்டு எடுத்துக்கொடுக்கும் கடைக்காரர் புகையானை விதைக்கிறார் என்றே நான் சொல்வேன். அந்த வயதில் நாலு இலை சுருண்டால் பயிர் தானே ஈடுகட்டிக்கொள்ளும். மாதம் கழித்து அதே கடையில் புகையான் மருந்தும் விற்கிறது. இதை இந்தோனேசியா பட்டு அறிந்தது. மானிய விலையில் மருந்தை வாரிக் கொடுத்து, புகையானிடம் நெல்லை இழந்தபின், 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று அதிபர் சுகார்த்தோ உத்தரவே போட்டார்.

தின்னும் பூச்சி இல்லாவிட்டாலும் புகையான் பெருக்கம் ஒரு கட்டத்தில் நிற்கும். கூட்டம் நெருக்கி, சாறு குறைந்ததும் இறக்கை நீண்ட பூச்சிகள் உருவாகி வேறு வயலுக்குப் பறந்துவிடும். அது நின்று நமக்கென்ன லாபம்? அதற்குள் பயிர் வைக்கோலாகியிருக்கும். காய்ந்த வட்டத்தின் ஓரத்தில் பயிரைத் தட்டிப் பாருங்கள். நீண்ட இறக்கை அதிகம் விழுந்தால் அங்கே கூட்டம் கிளம்பத் தயாராகிவிட்டது. குட்டை இறக்கைப் பெண்கள் நிறைய விழுந்தால் இன்னும் முட்டையிடுகிறது. எது விழுந்தாலும் பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த சம்பாவுக்கு, எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நடுங்கள், அடித்தூரில் வெயிலும் காற்றும் படட்டும். யூரியாவை நான்காகப் பிரித்துப் போடுங்கள். நட்டு 40 நாள் வரை இலை தின்னும் புழுவுக்கு மருந்து எடுக்காமல் பொறுங்கள். வாரம் ஒருமுறை இறங்கிக் குத்துகளை (ஒரே இடத்தில் நட்ட பயிர்க் கொத்துகளை) விலக்கி எண்ணுங்கள். தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு புகையான் என்றால் மருந்தை யோசிக்கலாம், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை காத்திருக்கலாம்.

இப்போது மருந்து அடித்த ஐந்தாம் நாள் இப்படியே எண்ணி, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எழுதுங்கள். மறுமருந்து வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.