டெக்னாலஜி மேனேஜ்மென்ட் படிக்கலாமா? சேரும் முன் கேட்க வேண்டியது

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகன் மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் கியர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் 3 வருஷமாக இருக்கிறான். மின்சார வண்டி வந்துவிட்டால் இந்த வேலை நிலைக்காது, டெக்னாலஜி மேனேஜ்மென்ட்டில் எம்.பி.ஏ. சேரப்போகிறேன் என்கிறான். அந்தப் படிப்பும் நாலு வருஷத்தில் பழசாகிவிடாதா சார்?"

உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. மின்சாரக் காரில் பிஸ்டன் கிடையாது, பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கியர் விகிதம்தான். அதற்காகக் கியர் கம்பெனியை நாளைக்கே பூட்டிவிட மாட்டார்கள். பழைய லைனை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டலாம், புது மெஷினில் எப்போது பணம் போடலாம், தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்குவதா நாமே உருவாக்குவதா, 20 வருஷம் அனுபவமுள்ள தொழிலாளிக்கு அடுத்து என்ன பழக்குவது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். அந்த யோசனைக்கான படிப்பு இது.

இந்தக் கேள்விகள் பழசாகாது, பாடத்தில் வரும் உதாரணங்கள்தான் பழசாகும். இப்போதைய உதாரணம் ஒன்று: 2021-இல் மத்திய அரசு பேட்டரி செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இதில் சேரும் கம்பெனி, உள்நாட்டு மதிப்புக்கூட்டலை, அதாவது பொருளின் மதிப்பில் இங்கேயே உருவாகும் பங்கை, 2 வருஷத்தில் 25 சதவீதமாகவும் 5 வருஷத்தில் 60 சதவீதமாகவும் உயர்த்த வேண்டும். அப்படியானால் எதை முதலில் இங்கே செய்வது, எதை இன்னும் கொஞ்ச நாள் இறக்குமதி செய்வது? இந்தக் கணக்கை மாணவர்களைப் போடவைக்கும் கல்லூரி, காலத்தோடு நடக்கிறது என்று நம்பலாம்.

அதனால் மகன் கல்லூரியில் கேட்க வேண்டியது இதுதான்: போன 2 பேட்ச் மாணவர்கள் செய்த ப்ராஜெக்ட் என்ன, அந்தக் கேள்வியைக் கொடுத்தது ஒரு தொழிற்சாலையா, ஆசிரியரா? பட்டியலைக் காட்டத் தயங்கினால் அங்கே சேர வேண்டாம்.

வேலையிலேயே தொழில் கற்பது நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் பெட்டியடிப் பையனாக (வேலை பழகும் பையனாக) கடையில் உட்கார்ந்து, அடுத்தாளாகி (உதவியாளாகி), மேலாளானவர்கள் (கடைப் பொறுப்பாளரானவர்கள்) தொழிலை அங்கேயேதான் கற்றார்கள். அந்த வகையில் உங்கள் மகனின் 3 வருஷ அனுபவமும் பெரிய மூலதனம். வேலையை விடாமல் பகுதிநேரமாகவோ ஆன்லைனிலோ படிக்க முடியுமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்லைன் என்றால், அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அப்புறம், வாசலிலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கப்பட்ட நாள். அதையொட்டி அதன் ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவது வழக்கம். தேதியைக் கேட்டுவைத்துக்கொண்டு, அந்த வாரம் லீவு போட்டு வரச் சொல்லுங்கள். செல் எப்படி உருவாகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அவன் விண்ணப்பம் போடட்டும்.