பழைய டூ ஸ்ட்ரோக் லோடு ஆட்டோவின் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. போரிங் போட்டால் (சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து பெரிதாக்கினால்) போதுமா, முழுசாகப் பிரிக்க வேண்டுமா?

முழுசாகப் பிரியுங்கள். அதற்கும் முன்னால், பிஸ்டன் ஏன் பிடித்தது என்று கண்டுபிடியுங்கள். நான் வெறும் போரிங் போட்டு ஓட்டி, மூன்றே வாரத்தில் அதே எஞ்சினை மறுபடி இறக்கியவன்.

வண்டி என் தாய்மாமாவுடையது. பின்பக்கம் எஞ்சின் வைத்த பஜாஜ், 145.45 சிசி. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 57 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதுவும் 57 மி.மீ. உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை மூட்டை ஏற்றி, விடியுமுன் மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இறக்குவார். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வரும்வரை பாதை என்று ஒன்றும் கிடையாது. கண்மாய்க்கரை, ஓடைமணல், மாட்டுவண்டித் தடம், இவ்வளவுதான். அதிலெல்லாம் அந்த மூணு சக்கரம் ஏறி இறங்கியிருக்கிறது. மாமாவுக்கு முடியாமல் போனதும் புளியமரத்தடியில் இரண்டு மழைக்காலம் நனைந்து நின்றது. பிறகு நான் எடுத்தேன்.

ஸ்டார்ட் லிவரை இழுத்தால் அசையவில்லை. அருகில் இருந்த ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை (சிலிண்டரை) 0.25 மி.மீ. பெரிதாகப் போரிங் போட்டு, புதுப் பிஸ்டன் மாட்டிக் கொடுத்தார்கள். கீழ்ப்பாதியைத் தொடவே இல்லை. ஓட்டிய முதல் நாளே ஒன்று கவனித்தேன். ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் இரைச்சல் சட்டென்று இறங்காது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. சொன்னபோது, "புது பிஸ்டன்ணே, ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்கள். ஒருநாள் விடிகாலை செக்கானூரணி தாண்டி, பூ மூட்டையோடு ஜாம் ஆகி நின்றது. வேறு வண்டி பிடித்து மார்க்கெட் சேர்வதற்குள் மொட்டெல்லாம் வாய் திறந்துவிட்டது. விரிந்த மல்லிகைக்கு என்ன விலை கிடைக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருமங்கலத்தில் ஒரு பெரியவர், டூ ஸ்ட்ரோக்கிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். ஸ்பானரையே எடுக்கவில்லை. "பிளக்கு என்ன நிறம் தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். "வெள்ளைண்ணே" என்றேன். "அப்ப எங்கயோ காத்துக் குடிக்குது. வீட்ல பிரஷர் பாக்குற மிஷின் இருக்கா?"

அக்கா நர்ஸ். அவளுடைய பழைய பி.பி. மிஷினைக் கொண்டுபோனேன். எஞ்சின் ஆறியதும் பிஸ்டன் விட்டுக்கொடுத்திருந்தது. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, அந்த இரண்டு வாயையும் டியூப் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தார். மிஷினின் குழாயைக் கார்புரேட்டர் பக்க ரப்பரில் சொருகி, பந்தை அமுக்கி 300 வரை ஏற்றினார். நல்ல எஞ்சின் என்றால் முள் நாலைந்து நிமிடமாவது அப்படியே நிற்க வேண்டும். எங்கள் கண் முன்னாலேயே சரசரவென்று இறங்கியது. மேக்னெட் சக்கரத்தைக் கழற்றி, பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் வெளியே வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினார். நுரை பொங்கிப் பொங்கி வந்தது.

அந்தப் பக்க ஆயில் சீல், அதாவது கிராங்கைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்தான் காரணம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் நேராக மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் சேம்பருக்குள் வந்து, பிஸ்டன் இறங்கும்போது அமுங்கி, அப்புறம்தான் மேலே ஏறும். சேம்பரில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கூடுதல் காற்று புகுந்துவிடும். பெட்ரோல் அளவு குறையும், அதில் கலந்து வரும் ஆயிலும் குறையும், சூடு ஏறும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியக்கூடியது. பிஸ்டன் உப்பிப் பிளாக்கைக் கவ்விக்கொள்ளும். இது தெரியாமல் பத்துப் பிஸ்டன் மாற்றினாலும் பத்தும் போகும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கதை வேறு: கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகக் கக்கும்.

எஞ்சினை இறக்கிப் பிரித்தோம். கழற்றிய சீலைக் கையில் கொடுத்தார். உதடு மாதிரி வளைய வேண்டிய ரப்பர், நகத்தால் அழுத்தினால் காய்ந்த புளியங்கொட்டைத் தோல் போல விண்டு வந்தது. வயசும், சும்மா நின்ற இரண்டு வருஷமும் சேர்ந்து செய்த வேலை.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல்கீழ் ஆட்டம் துளியும் கூடாது. எங்களுடையது டிக் டிக் என்றது. லேத்தில் கொடுத்து கிராங்க் பின்னை பிரஸ்ஸில் தள்ளி, புது ராடு போட்டோம். கிராங்க் கோணாமல் சுற்றுகிறதா என்று அளக்கும் டயல் கேஜில் முள் 0.03 மி.மீ.-க்கு மேல் ஆடக் கூடாது என்று கூடவே நின்று பார்த்தார். பேரிங்குகளைச் சுத்தியலால் அடிக்கவில்லை. கேஸைச் சூடாக்கியதும் தானாக இறங்கி உட்கார்ந்தன.

பிளாக் போரிங் இந்த முறை 0.50 மி.மீ. போரிங் முடிந்து வந்ததும் அவர் செய்த ஒரு வேலையைப் பலர் செய்வதில்லை. சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் ஓட்டைகளான போர்ட்களின் ஓரங்களில் விரலை விட்டுத் தடவி, கத்தி மாதிரி இருந்த விளிம்பையெல்லாம் சின்ன அரத்தால் மழுக்கினார். இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டனில் ரிங் காடிக்குள் சின்ன முளை ஒன்று இருக்கும். ரிங்கின் இரண்டு முனையும் அதைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். புதுப் பேக்கிங், இரண்டு பக்கமும் புதுச் சீல், மறுபடி அதே பி.பி. மிஷின். ஐந்து நிமிடம் ஆகியும் முள் அசையவில்லை.

முதல் 500 கிலோமீட்டர் லோடு ஏற்றவில்லை, முழு ஆக்சிலேட்டரும் கொடுக்கவில்லை. வழக்கமாக லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில், அப்போது மட்டும் 30 ஊற்றினேன். இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலேட்டரை முழுசாக மூடி நெடுந்தூரம் வரவே வராதீர்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் வராது.

500 முடிந்த அன்று பிளக்கைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தேன். திண்ணையில் வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தார். கருப்பட்டி நிறம். "நாளைக்கு லோடு ஏத்து" என்றார்.