யூனிட் கணக்கு சரி, பாடக் கணக்கு சரியா? கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூ.சி.க்கு மாற விரும்பும் மாணவரின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். தங்கள் கடிதத்தையும் அதனுடன் அனுப்பியிருந்த மதிப்பெண் விவரத்தையும் இரண்டு முறை படித்தேன். தங்கள் மகன், நம் தம்பி, கலிஃபோர்னியாவின் குப்பர்டினோ நகரில் உள்ள டி ஆன்சா என்னும் கம்யூனிட்டி காலேஜில், அதாவது பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், மூன்று காலாண்டுகளை (ஒரு கல்வியாண்டு) முடித்து, 47 யூனிட்டும் (பாடங்களின் அளவைக் குறிக்கும் எண்) 3.72 ஜி.பி.ஏ.வும் (நான்குக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) பெற்றிருக்கிறார். அடுத்த ஆண்டு இலையுதிர் பருவத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின், அதாவது யூ.சி.யின், ஏதேனும் ஒரு வளாகத்தில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டில் சேர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். "மொத்தம் 90 யூனிட் சேர்த்துவிட்டால் போதும் என்கிறார்கள், அதற்குள் சேர்ந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்ந்துவிடும், அதில் எனக்கு ஐயமில்லை. என்னுடைய கவலை அந்த யூனிட்டுகள் எந்தப் பாடங்களிலிருந்து வந்தவை என்பதில்தான் இருக்கிறது.

அதற்கு முன், கடிதத்தின் நடுவில் தாங்கள் சற்றுத் தயக்கத்துடன் எழுதியிருந்த ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் யாராவது "பையன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு என்பது இந்த மாநிலம் 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே வகுத்துக்கொண்ட பாதை. இடம் கிடைக்காதவர்களுக்காகப் பிற்பாடு திறந்துவிட்ட புறவாசல் அன்று. யூ.சி. சேர்த்துக்கொள்ளும் மாறுதல் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரிகளிலிருந்தே வருகிறார்கள். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கும் தம்பி படிக்கும் இதே டி ஆன்சாவில் படித்துவிட்டு 1971இல் யூ.சி.யின் பெர்க்லி வளாகத்துக்குச் சென்றவர்தான். அவர் பட்டத்தை முடித்தது 1986இல் என்பதை மட்டும் தம்பியிடம் சொல்ல வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யூ.சி. கேட்கும் குறைந்தபட்சத் தகுதி 60 செமஸ்டர் யூனிட், அல்லது டி ஆன்சா போன்ற காலாண்டுக் கல்லூரிகளில் 90 யூனிட். கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்கு 2.4 ஜி.பி.ஏ.; இவற்றுடன் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, பிற துறைகளில் நான்கு என ஏழு பாடங்கள். இது விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டுமே. கணினி அறிவியல் போன்ற நெரிசல் மிகுந்த துறையில் இடம் கிடைக்குமா என்பதை முடிவு செய்வது, அந்தத் துறை மூன்றாம் ஆண்டுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்று கேட்கும் அடிப்படைப் பாடங்களும் அவற்றில் வாங்கிய கிரேடுகளுமே.

தம்பியின் பட்டியலை அந்தக் கண்ணோடு பாருங்கள். கால்குலஸ் இரண்டு காலாண்டு, சி++ அறிமுகம் ஒன்று, ஆங்கிலம் இரண்டு ஆகியவை நன்றாக இருக்கின்றன. மற்றவை உளவியல், திரைப்பட வரலாறு, மானுடவியல், பொதுப் பேச்சு. இவை எல்லாவற்றிலும் ஏ வாங்கியிருக்கிறார், எல்லாமே யூ.சி.க்கு மாற்றத்தக்க யூனிட்டுகள்தான். ஆயினும் இயற்பியல் ஒரு வகுப்புகூட இல்லை. நண்பர்கள் சொன்னபடி, எல்லாத் துறையினருக்கும் பொதுவான பொதுக்கல்விப் பாடத் தொகுப்பை முதலில் முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். வரலாறோ சமூகவியலோ படிக்கப்போகிறவருக்கு அது நல்ல யோசனை. பொறியியல், கணினி போன்ற துறைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாத யோசனை. இந்தத் துறைகளுக்குப் போகிறவர்கள் துறைப் பாடங்களையே முதலில் முடிக்க வேண்டும் என்றும், பொதுக்கல்வியில் விட்டதைப் பின்னர் வளாகத்தில் சேர்ந்தபிறகும் முடித்துக்கொள்ளலாம் என்றும் யூ.சி. வளாகங்களே அறிவுறுத்துகின்றன.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்னும் அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. கல்லூரி, வளாகம், துறை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தால், இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடமும் வலப்பக்கம் அதற்கு ஈடான டி ஆன்சா பாடமும் வரிசையாக வரும். சில வரிகளில் வலப்பக்கம் ஈடான பாடம் எதுவும் இல்லை என்று இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம், கல்லூரியில் இல்லாத பாடத்தை எடுக்கவில்லை என்று பொதுவாக யாரும் குறை சொல்வதில்லை. பதற வேண்டியது, வலப்பக்கம் பாடத்தின் பெயர் தெளிவாக இருந்தும் தம்பியின் பட்டியலில் அது இல்லாத வரியைக் கண்டுதான். வளாகத்துக்கு வளாகம் இந்தப் பட்டியல் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தின் பொறியியல் கல்லூரி கணினி அறிவியலுக்கும் இயற்பியல் கேட்கிறது. சாண்டா குரூஸ் போன்ற இடங்களில் கணிதமும் நிரலாக்கமுமே முதன்மை. ஆகவே தம்பி எண்ணியிருக்கும் ஐந்து வளாகங்களுக்கும் ஐந்து பக்கங்களை அச்செடுத்து, முடித்த பாடங்களைப் பச்சையிலும் முடிக்காதவற்றைச் சிவப்பிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

என் கணக்குப்படி அவருக்கு மீதமுள்ளவை கால்குலஸ் இன்னும் இரண்டு காலாண்டு, லீனியர் ஆல்ஜிப்ரா, டிஸ்கிரீட் கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், இயற்பியல் மூன்று காலாண்டு. கையில் இருப்பதும் மூன்றே காலாண்டுகள். இயற்பியலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும் என்பதால், இலையுதிர் காலாண்டில் முதல் வகுப்பு கிடைத்தால் வசந்தத்தில் மூன்றாவது முடிந்துவிடும். அந்த முதல் வகுப்பில் இடமின்றி வெயிட்லிஸ்ட்டில் நின்று, பனிக்காலத்துக்குத் தள்ளிப்போனால், எந்தக் கெட்டிக்காரத்தனமும் அந்தத் தொடரை வசந்தத்துக்குள் முடிக்க வைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவி 104 யூனிட்டுடனும் நல்ல கிரேடுகளுடனும் விண்ணப்பித்து, இயற்பியல் தொடரின் கடைசி வகுப்பு ஒன்று குறைந்ததால் தாம் முதன்மையாகக் கருதிய வளாகத்தை இழந்தார் என்றே நான் இன்றும் கருதுகிறேன். யூனிட்டுகளை மேலும் மேலும் குவிப்பதாலும் பயனில்லை. கம்யூனிட்டி கல்லூரிப் பாடங்களுக்கு யூ.சி. கணக்கில் எடுத்துக்கொள்வது 105 காலாண்டு யூனிட் வரையில்தான்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று, ஃபிரிமான்ட்டில் உள்ள செமஸ்டர் கல்லூரியில் கால்குலஸின் அடுத்த பகுதியை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். காலாண்டுக் கல்லூரியில் நான்கு வகுப்புகளாகப் பிரிந்திருக்கும் கால்குலஸ் செமஸ்டர் கல்லூரியில் பொதுவாக மூன்று வகுப்புகளாக இருக்கும். நடுவழியில் மாறினால் சில அதிகாரங்களை இரண்டு முறை படித்து, வேறு சிலவற்றைப் படிக்காமலேயே விட நேரும், அசிஸ்ட் தளம் காட்டும் ஈடான பாடங்களின் பட்டியலிலும் சிக்கல் வரும். ஒரு தொடரை எந்தக் கல்லூரியில் தொடங்கினாரோ அங்கேயே முடிப்பதுதான் நல்லது. தனிப் பாடம் ஏதாவது வேறு கல்லூரியில் எடுப்பதில் தவறில்லை.

வேறு கல்லூரி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே தம்பி கம்யூனிட்டி கல்லூரி வகுப்பு ஏதேனும் எடுத்தாரா என்று கேட்டுப் பாருங்கள். எடுத்திருந்தால், அதில் டி என்னும் குறைந்த கிரேடு வாங்கியிருந்தாலும், பாதியில் விட்டுவிட்டிருந்தாலும், அதை விண்ணப்பத்தில் கட்டாயம் காட்ட வேண்டும். மாற்றத்தக்க பாடமென்றால் அந்த கிரேடு ஜி.பி.ஏ.விலும் சேரும். மறைத்தது பிற்பாடு தெரியவந்தால், கிடைத்த இடத்தையே ரத்து செய்யும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. பதினாறு வயதில் வாங்கிய டி யாரையும் கவிழ்ப்பதில்லை, அதை மறைப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். சமர்ப்பிக்கும் காலம் அக்டோபர் தொடங்கி நவம்பர் இறுதி வரை. கடைசி நாளுக்குக் காத்திராமல் நவம்பர் இரண்டாம் வாரத்துக்குள் முடித்துவிடுவது தங்கள் வீட்டு அமைதிக்கு நல்லது. அதற்கு முன்பே, செப்டம்பர் மாதத்தில், குறித்த நிபந்தனைகளை நிறைவு செய்தால் இடம் உறுதி என்னும் மாறுதல் உத்தரவாதத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இத்திட்டத்தில் உள்ளன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ இல்லை. ஒரே ஒரு வளாகத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பல வளாகங்கள் கணினி, பொறியியல் துறைகளை இந்த உத்தரவாதத்திலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன என்பதால், துறை வாரியாக அந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். கணிதத்திலோ புள்ளியியலிலோ உத்தரவாதம் பெற்றுச் சேர்ந்து, பிறகு கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே போனபின் அந்தக் கதவு பெரும்பாலும் அடைத்தே இருக்கும், அந்தத் துறையைப் படிக்க மனமிருந்தால் மட்டுமே அதில் சேரலாம்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டிய கட்டுரைகள் நான்கு, ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். தேர்ந்தெடுத்த துறைக்காகத் தம்மை எப்படித் தயார்ப்படுத்திக்கொண்டார் என்பது மாறுதல் மாணவர் கட்டாயம் எழுத வேண்டிய ஒன்று. தம்பி அனுப்பியிருந்த முதல் வரைவு, சிறு வயதில் தந்தையின் மடிக்கணினியைப் பார்த்து வியந்த கதையில் தொடங்குகிறது. அதை எடுத்துவிட்டு, கல்லூரிப் பயிற்றுக்கூடத்தில் பிற மாணவர்களுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்ததாகப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் ஒரு வரியை விரித்து எழுதச் சொல்லுங்கள். எந்தக் கணக்கில் யார் தடுமாறினார், இவர் எப்படி விளக்கினார் என்று அவர் கண்டதை எழுதினால் போதும். தாங்கள் திருத்திக்கொடுக்க வேண்டாம் என்பதையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விசா பற்றித் தாங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் நான் சற்று நின்று பேச வேண்டிய விஷயம் அது. தம்பி தற்போது தங்களைச் சார்ந்த எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பதால் இம்மாநில வசிப்பிட மாணவராகக் கருதப்பட்டு, டி ஆன்சாவில் யூனிட்டுக்கு 31 டாலர் கட்டுகிறார். 21 வயது நிறைந்ததும் எச்-4 முடிந்துவிடும். அவருடைய வயதைப் பார்த்தால் அது மூன்றாம் ஆண்டின் நடுவில் வரும். கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய சூழல் ஏற்படலாம், அப்போது வெளிமாநில மாணவர் என்ற வகைக்குத் தள்ளப்பட்டால் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் மேல் கூடுதலாகக் கட்ட நேரும். இதில் ஊகத்துக்கு இடமே கூடாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் தேதிக் கணக்கையும், வளாகத்தின் வசிப்பிட நிர்ணய அலுவலகத்தில் கட்டண வகையையும் இப்போதே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கட்டணமும் துறை நெரிசலும் சேர்ந்து இறுக்கும்போது, யூ.சி.யிலிருந்து வேறான, கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் என்னும் மற்றொரு தொகுதியை நம் குடும்பங்கள் ஏனோ ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் டி ஆன்சாவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அதற்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பித்ததோடு வேலை முடிந்துவிடாது. இலையுதிர் காலாண்டு கிரேடுகளையும் வசந்த காலாண்டுத் திட்டத்தையும் ஜனவரி 31க்குள் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்ப மறந்த பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வரும், சேர்கிறேன் என்று ஜூன் 1க்குள் உறுதி சொல்ல வேண்டும். வரும் அனுமதியும் நிபந்தனையுடன் கூடியதே. எடுப்பதாகச் சொன்ன பாடத்தைச் சொல்லாமல் கைவிட்டாலோ வசந்தத்தில் டி வாங்கினாலோ அது பறிபோகலாம்.

இப்போதைக்கு ஒரே ஒரு தகவல் வேண்டும். இலையுதிர் காலாண்டுக்குத் தம்பியின் பதிவுத் தேதி எது, நேரம் எத்தனை மணி என்று கேட்டு எழுதுங்கள். இயற்பியல் முதல் வகுப்பின் எல்லாப் பிரிவுகளையும், காலை ஏழரை மணிப் பிரிவு இருந்தால் அது உட்பட, வரிசைப்படுத்தி அவர் முன்னதாகவே எழுதி வைத்திருக்கட்டும். அதில் இடம் கிடைத்ததா என்று தெரிந்தபிறகு வளாகங்களின் பட்டியலைச் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்