தற்காப்புக்குக் குக்ரி: எதை வாங்குவது? கேள்வி பதில்

நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரியைத் தற்காப்புக்காக வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கிழக்கு நேபாளத்தின் தரானில் வேலை பார்த்த காலத்தில் கொல்லர் பட்டறைகளில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இன்றும் விறகு பிளக்கவும் வேலி ஓரம் கிளை கழிக்கவும் குக்ரியைத்தான் எடுக்கிறேன். எங்கே வெட்டினால் ஆள் விழுவான் என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

கேள்வி: வீட்டுப் பாதுகாப்புக்கு ஒன்று வாங்க வேண்டும். சிருபாதே, ஆங்கோலா, புதுனே, போஜ்பூரே என்று பெயர்களே குழப்புகின்றன. எது நல்லது?

சிருபாதே வாங்குங்கள். அலகு மெலிந்தது, வளைவு குறைவு, எடையும் குறைவு.

ஆங்கோலாவின் முதுகு தடிமனாக இருக்கும், அலகின் உடலில் பள்ளம் எடுத்திருப்பார்கள். பத்து அங்குல அலகுள்ள கனத்த ஆங்கோலா முக்கால் கிலோவை நெருங்கும். மரம் வெட்ட அதற்கு இணை இல்லை, ஏனென்றால் எடை முழுக்க முன்பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஓங்கியதைப் பாதியில் நிறுத்த முடியாது. வீட்டு நடையில், இருட்டில், பதற்றத்தில் ஓங்கி, எதிரே நிற்பது வீட்டு ஆள் என்று தெரிந்தால் கை அந்த நொடியில் நிற்க வேண்டும். சிருபாதே நிற்கும், ஆங்கோலா நிற்காது. புதுனே வயிறு பெருத்த பழைய பாணி, அதுவும் கனம்தான். போஜ்பூரே இரண்டுக்கும் நடுவில் வரும். விறகும் வெட்ட வேண்டும், வீட்டிலும் இருக்க வேண்டும் என்றால் அதை எடுக்கலாம்.

அலகு ஒன்பது பத்து அங்குலம், எடை அரைக் கிலோவுக்குள். கைப்பிடியையும் பாருங்கள். நேபாளப் பிடிகள் குட்டையாகச் செய்யப்படுபவை, நடுவில் ஒரு வளையமும் இருக்கும். பெரிய கைக்காரர்களுக்கு அது விரலைக் கடிக்கும். அரை அங்குலம் நீட்டிச் செய்யச் சொன்னால் பட்டறையில் செய்து தருவார்கள்.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: உருவும்போது உறையின் வாயைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடிக்காதீர்கள். உறை என்பது இரண்டு மெல்லிய மரத் துண்டுகளும் மேலே ஒரு எருமைத் தோலும்தான். வளைந்த அலகு வெளியே வரும்போது கூர்ப்பக்கம் அந்த இணைப்பை உரசிக்கொண்டு வரும், தோலைக் கிழித்தால் அடுத்தது உங்கள் விரல். முதுகுப் பக்கமாக, விரல் நுனி கூர்ப்பக்கம் வராமல் பிடியுங்கள்.

கேள்வி: ஒருமுறை உருவினால் ரத்தம் காட்டாமல் உறையில் போடக் கூடாதாமே?

பொய். நேபாள மலைக் கிராமங்களில் காய்கறி நறுக்கவும் மூங்கில் பிளக்கவும் ஒரு நாளைக்குப் பலமுறை உருவுகிறார்கள். தசைன் பண்டிகையில் ஆடு வெட்டுவதும் அதே கத்தியில்தான்.

கேள்வி: காத்மாண்டுவின் சுற்றுலாப் பகுதியான தமேலின் கடைகளில் கண்ணாடி போல மின்னுகிற குக்ரி மலிவாகக் கிடைக்கிறது. அதே எஃகுதானே?

எஃகு ஒன்றாகவே இருக்கலாம். லாரிகளின் பழைய பட்டை வில்தான் (லீஃப் ஸ்பிரிங்) பெரும்பாலான குக்ரிகளுக்கு மூலப்பொருள், அது அருமையான எஃகும்கூட. வித்தியாசம் பதம் போடுவதில் இருக்கிறது.

ஒரு பட்டறையில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அப்புறம் மின்னுகிற அலகு மேல் ஆசை போய்விடும். அலகைக் கரியில் செக்கச் செவேலென்று காய வைப்பார்கள். தேநீர்க் கெண்டி மாதிரி மூக்குள்ள பாத்திரத்தில் தண்ணீர். கொல்லர் அலகை எடுத்த எடுப்பில் கூர்ப்பக்க ஓரமாக மட்டும் அந்தத் தண்ணீரை மெல்லிய தாரையாக முன்னும் பின்னும் ஓட்டுவார். கூர்ப்பக்கம் கறுக்கும், முதுகு இன்னும் சிவப்பாகவே இருக்கும். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்லக் கூருக்கு இறங்கி, அதன் நொறுங்கும் தன்மையைப் போக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்குக் கருவி இல்லை, கண்ணுக்குத் தெரியும் நிறம்தான். இதனால் கூர் கெட்டியாகவும் முதுகு இளக்கமாகவும் அமைந்து, ஓங்கி வெட்டினாலும் அலகு முறியாமல் இருக்கிறது.

சுற்றுலாச் சந்தைக்கான சில அலகுகளில் இந்த வேலையே நடந்திருக்காது. சோதிக்க ஒரு சின்ன அரம் போதும். அலகின் வயிற்றுப் பகுதியில் கூர் ஓரமாக லேசாகத் தேய்த்தால் அரம் வழுக்க வேண்டும், முதுகில் தேய்த்தால் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கடித்தால் அது சுவரில் மாட்டுகிற பொருள்.

மலிவு என்ற சொல்லுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். குக்ரி செய்பவர்கள் காமி எனப்படும் விஸ்வகர்மா சமூகத்தார், மலைச் சாதி அடுக்கில் தலித்துகள். நேபாளத்தில் தீண்டாமை 1963 சட்டத்திலேயே விலக்கப்பட்டது. ஆனாலும் நாடே பெருமையாகக் காட்டும் கத்தியைச் செய்தவரை வீட்டுக்குள் விடாத குடும்பங்கள் இருக்கின்றன. பட்டறையில் அவர் சொல்லும் விலையில் பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: எத்தனை அங்குலம் வாங்கலாம்?

ஒன்பது பத்து. முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: நம்மூர் வீச்சரிவாள் இருக்க, குக்ரி எதற்கு?

அரிவாளில் கை பழகியிருந்தால் குக்ரி தேவையில்லை.

கேள்வி: எலிவால் போல ஒடுங்கிய தண்டைப் பிடிக்குள் ஒட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். பிடி கழன்று பறக்காதா? பிடி முழுக்க எஃகு ஓடும் பானாவால் வகை நல்லதுதானே?

சரியாகச் செய்தால் இரண்டும் பறக்காது. ஒடுங்கிய தண்டை லாஹா என்கிற பிசினைக் காய்ச்சி ஊற்றி உட்கார வைத்து, முனையைப் பிடியின் கடைசியில் உள்ள பித்தளைத் தகட்டில் அடித்து மடக்குவார்கள். வெட்டும்போது வரும் அதிர்வு கைக்குக் குறைவாக ஏறும், எடையும் குறையும். பானாவால் உறுதியானது, ஆனால் பிடிப்பக்கம் கனம் கூடும், வியர்வை பட்டால் எஃகு ஓரம் துருவும் பிடிக்கும். கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், துளி ஆட்டம் தெரிந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: வண்டியில் வைத்துக்கொள்ளலாமா? நான் கோவையில் இருக்கிறேன். (லண்டனிலிருந்தும் ஒருவர் இதையே கேட்டிருக்கிறார்.)

இருவருக்கும் வேண்டாம் என்பதே பதில். இந்தியாவின் 2016 ஆயுத விதிகளில், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாத, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர் ஆயுதங்கள் பட்டியலில் வருகின்றன. அரசு அறிவித்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டும். பிரிட்டனில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் இப்படிப்பட்ட கத்தியை வைத்திருப்பதே 1988 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின் கீழ் குற்றம். “தற்காப்புக்காக” என்று சொன்னால் ஆயுதம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கேள்வி: இப்படிப் பயமுறுத்துகிறீர்களே. 2010இல் ரயிலில் பிஷ்ணு ஸ்ரேஷ்டா தனி ஆளாகக் குக்ரியோடு கொள்ளைக் கூட்டத்தையே விரட்டவில்லையா?

விரட்டினார். அந்த மனிதர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. 2010 செப்டம்பர் 2, மௌரியா எக்ஸ்பிரஸ். ராணுவத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்று ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். கண்ணெதிரே ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ய முயன்றபோது எழுந்தார். கொள்ளையரில் மூன்று பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயப்பட்டார்கள். சேனா பதக்கம் பெற்றார். ஆனால் இதைச் சொல்கிற யாரும் அவருடைய இடக்கையைச் சொல்வதில்லை. அதில் படுமோசமான வெட்டு விழுந்தது. இந்திய ராணுவத்தின் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவில் வருடக்கணக்கில் பயிற்சி பெற்றவருக்கே அந்தக் கதி. வாங்கி அலமாரியில் வைத்த கத்தியோடு உங்களுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதே நண்பர் மறுபடியும்: பயிற்சி இரண்டாம் பட்சம். போர்களில் கூர்க்கா வீரர்களின் வெற்றிக்குக் காரணம் தைரியமும் குக்ரியும்தான்.

இல்லை. 1945 மார்ச்சில் பர்மாவில் நடந்த சண்டைக்காக, பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற பானுபக்த குருங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியாகப் பிடித்தது கையெறி குண்டாலும் துப்பாக்கி முனைக் கத்தியாலும். கடைசிப் பதுங்கு குழியிலிருந்து எதிரிகள் வெளியே ஓடி வந்தபோதுதான் குக்ரி. 2010இல் ஆப்கானிஸ்தானில் தனியாகக் காவல்நிலை காத்த தீப்பிரசாத் புன் துப்பாக்கியும் குண்டுகளும் ஓய்ந்ததும் இயந்திரத் துப்பாக்கியின் முக்காலியைத் தூக்கி எறிந்தார். பிரிட்டிஷ் கூர்க்கா வீரருக்கு இரண்டு குக்ரிகள் தருகிறார்கள், ஒன்று அணிவகுப்புக்கு, இன்னொன்று பயிற்சிக்கு. அந்த இரண்டாவதைப் பழக்கிப் பழக்கித்தான் கை வருகிறது.

இன்னொருவர்: அப்படியானால் எதற்குத்தான் வாங்குவது? நேராகச் சொல்லுங்கள்.

வேலை செய்ய வாங்குங்கள். தினம் ஏதாவது வெட்டுங்கள், தீட்டுங்கள், எண்ணெய் பூசுங்கள். வெட்டு எங்கே போய் முடிகிறது, கை எப்போது வழுக்குகிறது என்பது சில மாதத்தில் தெரியும். என்றாவது ஒருநாள் அது தற்காப்புக்கு உதவ வேண்டி வந்தால் அந்தப் பழக்கம்தான் உதவும். சட்டமும் அளவு பார்க்கிறது. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த அனுமதி இல்லை. ஓடுகிற திருடனைத் துரத்தி வெட்டினால் நீங்கள்தான் குற்றவாளி. ரயில் விவாதம் இதோடு போதும், மீதியுள்ள கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தனியாகத் தங்கியிருக்கும் பெண் நான். கட்டிலுக்கு அருகில் சிருபாதே வைக்கலாமா?

அம்மா, முதலில் கதவைப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் இரண்டு, கதவுக்கு வெளியே பளிச்சென்ற விளக்கு, பக்கத்து வீட்டு எண், கைபேசியில் அவசர உதவி எண் 112. இவை இருந்தால் கத்தி தேவைப்படும் இரவு வராமலே போகலாம். உங்களைவிடப் பலசாலி கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டால், கத்தி கை மாறும். கூச்சலும் ஓடுவதற்கு ஒரு வழியும் அதைவிட உதவும். இதெல்லாம் செய்த பிறகும் வேண்டும் என்றால் ஒன்பது அங்குலச் சிருபாதே, பகலில் தேங்காய் வெட்டப் பழகிக்கொண்டு. உறையின் வாயில் விரல் வைக்காதீர்கள், இருட்டில் அந்தத் தவறுதான் முதலில் நடக்கும்.

கேள்வி: உறைக்குள் இருக்கும் இரண்டு குட்டிக் கத்திகள் எதற்கு?

கர்தா சின்ன வேலைகளுக்கு. சக்மக் மழுங்கலானது, குக்ரியின் கூர் விளிம்பை நீவிச் சரிசெய்ய.

கேள்வி: பன்னிரண்டு அங்குலம் வாங்கினால் இன்னும் நல்லதில்லையா?

மூன்றாம் முறையாக நீளம். பன்னிரண்டு வீட்டுக் கதவு நிலையில் இடிக்கும். ஒன்பது பத்து.

கேள்வி: வாங்கி மூன்று மாதத்தில் துரு. ஏமாற்றிவிட்டார்களா?

கார்பன் எஃகு துருப்பிடிக்கும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உறைக்கு வெளியே, எண்ணெய்த் துணி சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். நேபாளத்தில் கடுகெண்ணெய் தடவுவார்கள், தையல் மெஷின் எண்ணெயும் போதும்.

கேள்வி: காத்மாண்டுவில் பழைய குக்ரி ஒன்று பார்த்தேன். விமானத்தில் கொண்டுவரலாமா?

கைப்பையில் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியில்தான், அலகு அசையாதபடி அட்டை வைத்துக் கட்டி. நூறு வருடத்துக்கு மேல் பழைய பொருள் என்றால் நேபாளத் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே எடுக்க முடியாது. கடைக்காரர் “நூற்றைம்பது வருடப் பழசு” என்று அளந்தால், அனுமதிச் சீட்டை அவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள்.