பன் ஏற்ற எந்த வண்டி?

கேள்வி: தென்காசியில் சின்ன பேக்கரி நடத்துகிறோம். விடியற்காலை நாலு மணிக்கு என் தம்பி பன், ரொட்டி, பப்ஸ் எல்லாம் பைக்கில் கட்டிக்கொண்டு சுற்றுவட்டார டீக்கடைகளுக்குப் போடுகிறான். இனி வண்டி வேண்டும். தெரிந்தவர் ஒருவர் 2016 மாடல் ஆம்னியைத் தருகிறேன் என்கிறார். மாமா பழைய குட்டி யானை (டாடா ஏஸ்) வாங்கச் சொல்கிறார். தம்பியோ வெள்ளை போர்டு மாருதி ஈகோ வேன் வாங்கி சீட்டைக் கழற்றிவிடலாம் என்கிறான். எதை நம்பி வாங்குவது? (வாசகி, தென்காசி)

பதில்: உங்கள் சரக்கு இடத்தைத்தான் அடைக்கும், கனக்காது. அதனால் குட்டி யானை உங்களுக்கு வேண்டாம். 2005-ல் டாடா ஏஸ் வந்த நாளிலிருந்து சின்ன வியாபாரிகளுக்கு அது பெரிய துணைதான். ஆனால் அது தண்ணீர் கேன், சிமென்ட் மாதிரி சரக்குக்கான வண்டி. சாரல் காலத்தில் தார்ப்பாய் போட்டு பன் கொண்டுபோனால் பாதி நமத்துப்போகும். மூடிய வேன்தான் சரி.

ஆம்னியின் உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனாலும் வாங்காதீர்கள். ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் தகரத்தைத் தவிர எதுவும் கிடையாது. புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் 2019-ல் அதன் தயாரிப்பே நின்றது. இருட்டில், தூக்கக் கலக்கத்தில் ஓட்டப்போவது உங்கள் தம்பி.

தம்பியின் யோசனையும் வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிந்த வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

மஞ்சள் போர்டுடன், சரக்கு ஏற்றவே வரும் ஈகோ கார்கோ வாங்குங்கள் என்பதே என் கருத்து. அதுவும் பாதுகாப்பில் பெயர் வாங்கிய வண்டி அல்ல. வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் தரும் குளோபல் என்கேப் அமைப்பின் 2016 சோதனையில், ஏர்பேக் இல்லாத ஈகோ பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு ஸ்டார்கூடப் பெறவில்லை. அதனால் கையில் உள்ள பணத்துக்கு எவ்வளவு புதிய மாடல் கிடைக்குமோ அதை எடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். கடைக்குக் கடை நிற்கும் ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான் தோது. பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கிறது. நின்று நின்று ஓடினால் அது அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். சிஎன்ஜி என்றால், தம்பி போகும் வழியில் பங்க் இருக்க வேண்டும்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை. எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) மட்டும் வண்டிக்கு எட்டு வருடம் ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடாவருடம்.

பழையது வாங்குவதாக இருந்தால் காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல கோளாறுகளை மறைத்துவிடும். ஸ்லைடிங் கதவின் தண்டவாளத்திலும் தரைத் தகட்டிலும் துரு இருக்கிறதா பாருங்கள். எஃப்சி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் அடமானம் மூன்றையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

போகும்போது உங்கள் ரொட்டி ட்ரே ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பின்சக்கர மேடுகளுக்கு நடுவே அது படுக்கையாக உட்காராவிட்டால், ஸ்டாண்டு அடிக்கத் தனிச்செலவு ஆகும். அதையும் விலை பேசும்போதே கணக்கில் வையுங்கள்.