வாடகையும் தன்பதிவேடும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

நீங்கள் எழுதும் வருவாய்த்துறை நினைவுகளை ஆரம்பத்திலிருந்தே வாசித்து வருகிறேன். நான் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். வாடகை வீட்டுக் கொள்கை ஒரு பாதி, அரசு அலுவலகங்களின் பணிப் பண்பாடு இன்னொரு பாதி. தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டம் ஏன் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் கேள்வி. "இது இரண்டு ஆய்வு, ஒன்றை விட்டுவிடு" என்கிறார் என் நெறியாளர்.

ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் நான்கு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். தினம் இரண்டு டீ. கேட்ட புள்ளிவிவரத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்தோடு கொடுத்தார்கள். ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டால் "ரூல்படிதாம்மா" என்பதோடு சரி. ஊழியர்களின் அலட்சியம்தான் இந்தச் சட்டத்தைத் தோற்கடித்தது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் உள்ளே இருந்த நீங்கள் என்ன சொல்வீர்கள்? கடைசியாக, சொந்த விஷயம் ஒன்று கேட்கலாமா? நீங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறீர்களா?

ஆர்.
(முழுப் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆர்.,

மாணவர்களை நெறியாளருக்கு எதிராகத் தூண்டிவிட்டேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஆனாலும் உங்கள் விஷயத்தில் அவர் சொல்வது தப்பு. உங்கள் இரண்டு பாதியும் ஒரே தேங்காயின் இரண்டு மூடி.

பழைய சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வாடகைக் கட்டுப்பாடு நம் பக்கம் போர்க்காலத்தில், 1941இல், வெறும் உத்தரவாக வந்தது. பிறகு 1946, 1949 என்று சட்டமாகி, 1960இல் இந்தத் தலைமுறை வரைக்கும் நீடித்த வடிவத்தை அடைந்தது. அந்த 1960 சட்டத்தில் ஆரம்பத்திலேயே, மூன்றாவது பிரிவில், என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு வீடு காலியானால் ஏழு நாளைக்குள் உரிமையாளர் அதற்கென்று உள்ள அதிகாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அரசாங்கத்துக்கோ, அரசு அலுவலர் ஒருவர் குடியிருக்கவோ அந்த வீடு தேவை என்றால் அரசு எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால்தான் மற்றவர்களுக்கு. சென்னையின் பழைய குடும்பங்களில் இன்னும் சில பெரியவர்கள் 'அக்காமடேஷன் கண்ட்ரோலர்' என்று பல்லைக் கடித்தபடி சொல்வார்கள், கேட்டிருக்கலாம்.

ஆக, வாடகைச் சட்டம் பிறந்த நாளிலிருந்தே அரசு அலுவலகம் வெளியே நின்று நியாயம் சொல்லும் மத்தியஸ்தர் அல்ல. அதுவே ஒரு குடித்தனக்காரர். முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த குடித்தனக்காரர்.

அலுவலகமே குடித்தனம் இருக்கும் கதையும் உண்டு. நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த அலுவலகம் ஒரு தனியார் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மாடியில் உரிமையாளர் குடும்பம். அரசு கொடுக்கும் வாடகைக்குப் பொதுப்பணித்துறை சான்று தர வேண்டும். அந்தச் சான்று வரும், வராது, வந்தாலும் நிதி ஒதுக்கீடு வராது. பாக்கி ஏறினால் உரிமையாளர் நேராகச் சண்டைக்கு வர மாட்டார். காலை பதினோரு மணிக்கு மோட்டார் போட மறந்துவிடுவார். ஐந்து பெண் ஊழியர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார்கள். எங்கள் தாசில்தார், தாலுகாவையே ஆள்கிறவர், மாடிப்படியில் பாதி ஏறி நின்று "அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்று கேட்ட காட்சி எனக்கு மறக்காது. நாங்கள் அந்த உரிமையாளரை 'ஹவுஸ் ஓனர்' என்றுதான் சொல்வோம். மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் 'கட்டட உரிமையாளர்'.

இப்போது ஊழியர்களுக்கு வருகிறேன். 'அலட்சியம்' என்ற சொல்லை உங்கள் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அலட்சியம் கிடையாது என்று சொல்லவில்லை, தாராளமாக உண்டு. லஞ்சமும் உண்டு. ஆனால் அந்தச் சொல் எதையும் விளக்காது. ஒரு குடித்தனக்காரரின் மனுவில் காசு இல்லை, ஆகவே அதை இழுத்தடித்துச் சம்பாதிக்கவும் ஆள் இல்லை. அப்படியும் ஏன் அது நகரவில்லை? அல்லது, நான் கண்டபடி, ஏன் அது அவ்வளவு வேகமாக நகர்ந்தது?

ஆமாம், வேகமாக. 2019 பிப்ரவரி 22இல் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. வாடகை அதிகார அமைப்பு என்று சட்டம் சொல்வது நடைமுறையில் ஒரு மனிதர்: துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. அவருக்கு ஏற்கெனவே நில எடுப்பு, பட்டா மேல்முறையீடு, தேர்தல், வெள்ளம், அமைச்சர் வருகை. இதற்கென்று எங்களுக்குத் தனி இருக்கை வரவில்லை. நீதிமன்ற வழக்குகள் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளரின் மேஜையில் 'இதையும் பாருங்க' என்று வந்து விழுந்தது. நான் அப்போது அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி.

நம் அலுவலகங்கள் டாட்டன்ஹாம் முறை என்ற ஒன்றில் ஓடுகின்றன. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பெயர் அது. வந்த தபால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எழுத்தர் தனக்கென்று வைத்திருக்கும் தன்பதிவேட்டில் ஏற்றி, அது எப்படி முடிந்தது என்று எழுத வேண்டும். முடிப்பதில் (டிஸ்போசல், சுருக்கமாக 'டிஸ்') பல ஜாதி. நிரந்தரமாக வைக்க வேண்டியது ஆர்.டிஸ். பத்து வருடம் டி.டிஸ். மூன்று வருடம் கே.டிஸ். ஒரு வருடம் எல்.டிஸ். இன்னொன்று என்.டிஸ். வந்த தாளையே அப்படியே வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, நகல்கூட வைத்துக்கொள்ளாமல், நம் பதிவேட்டில் கோடு அடிப்பது.

ஒரு பெண் மனு கொடுக்கிறார். உரிமையாளர் குடிநீர் இணைப்பை நிறுத்திவிட்டார், இரண்டு குழந்தைகள், காலி பண்ணச் சொல்லி மிரட்டல். அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்த அம்மா நல்ல மனு எழுதியிருந்தார், பிரிவு எண்ணோடு. ஆனால் அதைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தார். ஆட்சியர் அலுவலகம் எங்களுக்கு அனுப்பியது. எங்கள் உதவியாளர், என் கையெழுத்தோடு, அன்று மாலையே தாசில்தாருக்கு என்.டிஸ். செய்தார். தாசில்தார் அலுவலகம் மாநகராட்சிக்கு அனுப்பியது, குடிநீர் சம்பந்தப்பட்டது என்பதால். நான்கு அலுவலகம், எட்டே நாள். யாரும் தூங்கவில்லை. எல்லோர் பதிவேட்டிலும் அது முடிந்த கோப்பு. மாதக் கடைசி நிலுவைப் பட்டியலில் எங்கள் பிரிவுக்கு நல்ல பெயர். அந்த அம்மா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எங்களிடம் நகல் இல்லையே.

இதை அலட்சியம் என்று சொன்னால் அந்த உதவியாளர் ஆத்திரப்படுவார். அவரளவில் நியாயம். அவர் எட்டு மணி வரை உட்காருகிற ஆள். மேஜையில் தாள் நிற்கக் கூடாது என்பதுதான் அவருக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுக்கம். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதற்கு அடுத்ததில் இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: தாளில் இல்லாதது நடக்கவே இல்லை. வாய்மொழியாக மேலதிகாரி சொன்னதை நம்பி வேலை செய்து சஸ்பெண்ட் ஆனவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். அவர் கதையைச் சொல்லித்தான் புதியவர்களைப் பழக்குவார்கள். இந்த நம்பிக்கை எங்கள் மேஜைக்குள் இருந்தவரை பரவாயில்லை. 2017 சட்டத்தில் அது அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டது.

21ஆம் பிரிவைப் படித்திருப்பீர்கள். குடித்தனக்காரரை வெளியேற்ற என்னென்ன காரணம் செல்லும் என்ற பட்டியல். அதன் முதல் காரணம் என்ன? வாடகை தராதது இல்லை. வீட்டை நாசம் செய்தது இல்லை. உரிமையாளரும் குடித்தனக்காரரும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது! இருவரும் சேர்ந்து செய்யாத ஒன்றுக்கு ஒருவர் மட்டும் வீட்டை விட வேண்டும். கையெழுத்துப் போட மறுத்த உரிமையாளரே அதைக் காரணம் காட்டி வழக்குப் போடலாமா என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. தாள் இல்லாத குடித்தனம் என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அவர்கள் மனதுக்கு எட்டியிருக்காது. ஆனால் நம் ஊரில் பாதிக் குடித்தனம் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. மீதி முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு. ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்திரப்பதிவு வேண்டும் என்று 1908ஆம் வருடச் சட்டம் சொல்வதால் வந்த பதினோரு மாதம் அது. புதிய சட்டத்தில் அந்தத் தந்திரத்துக்கு அவசியமே இல்லை, எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆனாலும் டைப்பிங் சென்டரில் போய்ப் பாருங்கள், பதினோரு மாதம்தான் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

அட்வான்ஸும் அதே கதை. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் சரி. பத்து மாத அட்வான்ஸுக்கு அந்த 'ஆனால்' போதும்.

நீங்கள் நான்கு மாதம் உட்கார்ந்தும் அவர்கள் பேசவில்லை என்கிறீர்கள். நீங்கள் கோப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு ரூல்தான் பதில். அடுத்த முறை அவர்கள் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு மாறுதல், ஆகவே பிழைப்பே குடித்தனம். யாரிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது, யார் பதிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாடகைப் பதிவைக் கையாளும் அதே பிரிவில் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸ் திறந்த பிறகு. ஐந்தாம் தேதிக்குப் பிறகு வேண்டாம், அப்போது வாடகை கொடுத்துவிட்டு எல்லோரும் கடுகடுவென்று இருப்பார்கள்.

குவார்ட்டர்ஸ் பற்றியும் கேளுங்கள். சென்னையில் சைதாப்பேட்டை தாடண்டர் நகரைப் பார்த்திருப்பீர்கள். சார்லஸ் டாட்ஹன்டர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயர் நம் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. (டாட்டன்ஹாம், டாட்ஹன்டர். ஒருவர் பெயரில் பகலெல்லாம் வேலை, இன்னொருவர் பெயரில் ராத்திரி தூக்கம்.) குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வீட்டு வாடகைப்படி போய்விடும். சம்பளத்துக்குத் தக்க டைப் என்பதால் அலுவலகத்தின் படிநிலை மாடிப்படியிலும் தொடரும். கண்காணிப்பாளரின் மனைவி துணி காயப்போடும் கொடியில் உதவியாளரின் வீட்டுத் துணி ஏறாது. இதையெல்லாம் பணிப் பண்பாடு என்ற தலைப்பில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்று. என்னோடு வேலை பார்த்த ஒருவர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், சாதிச் சான்றிதழ் இருக்கையில் இருந்தார். நாள் முழுக்க மற்றவர்கள் என்ன சாதி என்று சரிபார்த்துக் கொடுப்பது வேலை. மாலையில் வீடு தேடிப் போவார். கேட்டைத் திறப்பதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" அங்கே சான்றிதழ் தேவைப்படவில்லை, முகத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். "வெஜிடேரியனுக்குத்தான் குடுக்கறோம்" என்பது மரியாதையான வடிவம். இரண்டு மாதம் லாட்ஜில் தங்கினார். 2017 சட்டத்தில் சாதி மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. இருந்திருந்தால் அந்த மனுவையும் என்.டிஸ். செய்திருப்போமா என்று யோசிக்கிறேன். செய்திருப்போம் என்றுதான் தோன்றுகிறது.

கடைசிக் கேள்விக்குப் பதில்: ஆமாம், வாடகை வீடுதான். பதினோரு வருடமாக ஒரே வீடு. ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கீழே போய் உரிமையாளரிடம், ஒப்பந்தம் எழுதிப் பதிந்துவிடலாமே, சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "ஏன் சார், நமக்குள்ள எதுக்கு சார் பேப்பர்? என்னை நம்பலையா?" என்றார். நான் சட்டென்று, அப்படியெல்லாம் இல்லை, சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.